குணசேகரன் செய்யாத தப்பு

செய்தியைச் சொன்னவர் ராஜமாணிக்கம். கோட்டூர்ப் பக்கம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்பவர். விதைநெல், உரமூட்டை, மனைவி என எதை ஏற்றுவதானாலும் அவருடைய பழைய டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளில்தான் ஏற்றுவார். காலை ஒன்பது மணிக்குப் போன் செய்தார்.

"தம்பி, குணா போயிட்டான். வேதாரண்யம் ரோட்டுல மணல் லாரி அடிச்சிருச்சு."

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததையும் கேட்டுவிட்டார். "இனிமே நம்ம வண்டிய யாருகிட்ட தம்பி காட்டுறது?"

இதைக் கேட்டது என்னிடம். திருத்துறைப்பூண்டியில் பெயர்ப்பலகையும் கம்ப்ரசரும், சட்டம் போட்டு மாட்டிய ஐ.டி.ஐ. சான்றிதழுமாக எட்டு வருடமாய் மெக்கானிக் கடை நடத்தும் என்னிடம். அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது பொறாமை. செத்துப் போய் ஒரு மணி நேரம்கூட ஆகாத மனிதர்மீது.

குணசேகரனை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவருடைய இரங்கல் கூட்டத்தில் அவரைப் பற்றி ஒரு பொய் சொல்லப்பட்டது. நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். அது பொய் என்று தெரிந்த நான் முதல் வரிசையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பொய்யைத் திருத்த வேண்டும். அதற்கு முன் அவர் எப்படி வேலை செய்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

என் கடைக்கு எதிர்ப்புறம், வாய்க்கால் மதகை ஒட்டி ஒரு நீலத் தார்ப்பாய். அதுதான் அவர் கடை. ஒரு மரப்பெட்டி, ஏழெட்டு ஸ்பேனர், தேய்ந்த ஒரு ஸ்க்ரூ டிரைவர். இழுக்கவில்லை, புகைகிறது, நின்று போகிறது என்று யார் வந்தாலும் அவர் எடுத்த எடுப்பில் அந்த ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்க மாட்டார். பக்கவாட்டு மூடியைக் கழற்றி ஏர் ஃபில்டரை வெளியே இழுப்பார். "மூக்கு அடைச்சிருக்கிறவனுக்கு யாராச்சும் வயித்துக்கு மருந்து குடுப்பாங்களா?" என்பார். கார்புரேட்டர் அவருக்கு வயிறு. ஃபில்டர் மூக்கு.

நான் வயிற்றுக்கு மருந்து கொடுத்தவன். ஒரு தை மாதம், அறுவடை மும்முரத்தில், ராஜமாணிக்கம் வண்டியை என்னிடம் கொண்டுவந்தார். அறுவடை இயந்திரம் வயலில் இறங்கிவிட்டால் நம் ஊரில் காற்றெல்லாம் நெல் தூசி. அந்தத் தூசியில் அவருடைய ஃபில்டர் அடைத்துப்போய், காற்று குறைந்து, பெட்ரோல் அதிகமாகி வண்டி கரும்புகை கக்கியது. நான் ஃபில்டரைத் திறந்தே பார்க்கவில்லை. கார்புரேட்டரைப் பிரித்துப் பெட்ரோலைக் குறைத்துவிட்டேன். புகை நின்றது. எனக்கு ஒரே பெருமை. வீட்டுக்குப் போனதும் ராஜமாணிக்கம் ஃபில்டரைத் தானே கழற்றி வீசிவிட்டு, மனைவியின் பழைய நைலான் புடவையில் ஒரு துண்டு கிழித்துக் கட்டியிருக்கிறார். காற்று தாராளமாகப் போனால் இழுவை நன்றாக இருக்கும் என்று யாரோ சொன்னார்களாம். காற்று தாராளம், பெட்ரோல் பஞ்சம். எஞ்சின் கொதித்து, பிஸ்டன் இறுகி, நடுரோட்டில் வண்டி நின்றது.

தள்ளிக்கொண்டு போனது குணசேகரனிடம். அவர் அந்தப் புடவைத் துண்டை விரலில் தொங்கவிட்டுக்கொண்டு, என் காதில் விழும்படி கேட்டார்: "ஏங்க, வண்டிக்குத் தாலியும் கட்டிட்டீங்களா, புடவையோட நிறுத்திட்டீங்களா?"

தெருவே சிரித்தது. அவர் என் தப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிஸ்டனைச் சரிசெய்து, புதிய ஸ்பாஞ்ச் ஃபில்டரை எண்ணெயில் நனைத்துப் பிழிந்து மாட்டி, நான் குறைத்ததைப் பழையபடி கூட்டி வைத்தார். அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அவர் டியூன் செய்வதைப் பார்த்திருக்கிறீர்கள். வண்டியை முதலில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டி எஞ்சினைச் சூடேற்றுவார். பிறகு குந்தி உட்கார்ந்து, முகத்தை வாய்க்கால் பக்கம் திருப்பிக்கொண்டு, கார்புரேட்டருக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவைத் திருப்புவார். முழுக்க உள்ளே, பிறகு வெளியே ஒரு சுற்று, ஒன்றேகால், ஒன்றரை. ஓரிடத்தில் கை நிற்கும். ஏன் அங்கே நின்றது என்று கேட்டால், "வண்டி போதும்னுச்சு" என்பார். எனக்கு எந்த வண்டியும் எதையும் சொன்னதில்லை. அவர் முடித்த வண்டிகளின் சத்தத்தைத் திருட்டுத்தனமாகப் போனில் பதிவு செய்து, வீட்டில் போட்டுக் கேட்டிருக்கிறேன். "சோத்துத் தட்டுக்கு முன்னாடி எதுக்குடா வண்டி சத்தம்?" என்று அம்மா திட்டுவார்கள்.

ஆனால் எனக்கும் ஒன்று இருந்தது. அவர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத் தெருக்காரர். நான் இந்தப் பக்கம். அதனால் அவர் "டேய் குணா". அவரைவிட ஆறு வயது இளையவனான நான் "தம்பி", "வாங்க, போங்க". வேலைக்கு அவரைத் தேடிப் போனவர்கள் உட்கார்ந்து பேச என் கடைக்கு வந்தார்கள். என்னை அவர் நீங்கள் என்றார். அவரை நான் நீ என்றேன். அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளே இனித்தது. இதைப் படித்து முகம் சுளிப்பவர்கள் தாங்கள் அவரை எப்படிக் கூப்பிட்டோம் என்று யோசித்துக்கொள்ளட்டும்.

இனி அந்தத் தப்பு.

போன ஐப்பசி. நல்ல மழை. தார்ப்பாய் ஒழுகும் என்பதால் வேலை முடிந்த வண்டிகளை என் கடைக் கொட்டகையில் நிறுத்திக்கொள்ள அவரை அனுமதித்திருந்தேன். பெருந்தன்மை என்று ஊர் சொன்னது, நானும் நம்பினேன். ராஜமாணிக்கம் வந்து வண்டியை உதைத்து, ஓடவிட்டுக் காதைச் சாய்த்தார்.

"கேட்டீங்களா தம்பி? நெல்லு அவியுற மாதிரி கொதிக்குது பாருங்க. அவன் கை பட்டா வண்டியே மாறிப்போயிருது."

என் கடையில் நின்றுகொண்டு என்னிடமே சொன்னார். பிறகு வண்டியை நிறுத்திவிட்டு, இரண்டு மூட்டை யூரியா எடுத்துவர உரக்கடைக்குப் போனார். பத்து நிமிடம். கொட்டகையில் நானும் வண்டியும்தான். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்று உள்ளே திருப்பினேன்.

அவர் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஊர் எல்லை தாண்டியதும் வேகம் குறையும் இடத்திலெல்லாம் வண்டி திணறி நின்றிருக்கிறது. கடைசியில் கிளம்பவே இல்லை. கொட்டும் மழையில் திரும்பத் தள்ளிக்கொண்டு வந்தார். மூட்டை நனைந்து யூரியா பால்போல ஒழுகிக்கொண்டிருந்தது.

"என்னடா வேல பாத்த நீ? கண்ண எங்க வச்சிருந்த?" என்று நடுத்தெருவில் குணசேகரனிடம் கத்தினார்.

குணசேகரன் குந்தினார். ஸ்க்ரூவின் தலையில் விரல் நுனியை வைத்தார். அந்த ஒரு நொடியில் அவருக்குத் தெரிந்துவிட்டது. தலையை நிமிர்த்தி, ராஜமாணிக்கத்தைத் தாண்டி, என்னைப் பார்த்தார்.

"என் கைப்பிழைங்க. மழையில அவசரமாப் பாத்துட்டேன்" என்றார்.

சரிசெய்து அவரை அனுப்பிவிட்டு என் கடைக்குள் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்க வேண்டும்.

"அரைச் சுத்துதான் திருப்பியிருக்கீங்க தம்பி. இதுலகூடக் கஞ்சத்தனமா?"

"நான் தொடல" என்றேன்.

"சரி, தொடல. நான் உண்மையச் சொன்னா யாரு நம்புவா? எம்மேலதான் இன்னும் ரெண்டு ஏச்சு விழும். அதுக்கு இது லேசு." துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். அதன் பிறகும் தினமும் என்னிடம் வந்து, கார்புரேட்டரின் ஜெட் துளையை ஊதிக்கொள்ளக் கம்ப்ரசரைக் கேட்டார். நானும் கொடுத்தேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

அவர் வேறொருவர் வண்டியை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் லாரி மோதியது. மறுநாள் பேப்பரில் "அதிவேகமாகச் சென்ற வாலிபர்" என்று வந்தது. சத்தத்தைக் கேட்டபடி நாற்பதுக்கு மேல் ஒருநாளும் ஓட்டாத மனிதர். செத்தவரால் மறுத்துப் பேச முடியாது, லாரிக்காரரால் முடியும். இந்த ஊரில் பழி எந்தப் பக்கம் ஓடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இரங்கல் கூட்டத்தில் ராஜமாணிக்கம் மைக்கைப் பிடித்தார். நல்லெண்ணத்தோடுதான் பேசினார். "குணா மாதிரி வேலைக்காரன் கெடையாது. ஒரே ஒரு தடவதான் தப்பு பண்ணுனான். அன்னைக்கு ஐப்பசி மழையில என்னைத் தள்ள விட்டான். அதத் தவிர ஒரு கொறையும் சொல்ல முடியாது." நீங்கள் சிரித்தீர்கள். குணசேகரனின் மனைவி செல்வி சிரிக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து நேராக என்னைப் பார்த்தார். அவர் பார்வையை எடுக்கவே இல்லை. நான் டீ தம்ளரைப் பார்த்தேன்.

கூட்டம் கலைந்தபோது செல்வி என்னிடம் வந்தார். "அன்னைக்கே வீட்டுல சொன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. இன்னைக்கு நீங்க எந்திரிச்சுச் சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றார்.

மறுநாள் கோட்டூருக்குப் போய் ராஜமாணிக்கத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். வரப்பில் யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"இத ஏன் தம்பி வெளிய சொல்லிக்கிட்டு? உங்களுக்குக் கடை ஓட வேணாமா? அது அவன் பேருலயே இருந்துட்டுப் போவட்டும். அவன் என்ன, கேக்கவா போறான்?"

அவர் கெட்டவர் இல்லை. என்னிடம் பிரியமாகத்தான் சொன்னார். அந்தப் பிரியம் குணசேகரனுக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதனால்தான் இதை அச்சில் வரும்படி எழுதுகிறேன்.

அவருடைய பெட்டியையும் ஸ்பேனர்களையும் செல்வி வைத்திருக்கிறார். வண்டி பேசுவதைக் கேட்ட அந்தக் காதைக் குணசேகரன் கொண்டுபோய்விட்டார். இத்தனை வருடம் எதிரில் உட்கார்ந்து ஏங்கியும் அதில் ஒரு துளிகூட எனக்கு ஒட்டவில்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வதற்கு அந்த ஐப்பசி மாதத்துத் தப்பு ஒன்றுதான் இருக்கிறது. அது என்னுடையது. எடுத்துக்கொண்டேன். இனி அவர்மேல் சொல்ல ஒரு தப்பும் மிச்சமில்லை. அதுவும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.