கீழ்த்தட்டின் உயரம்

1. முதல் காயெடுப்பு

பேச்சியம்மாள் சாக்கைத் திறந்து என் பட்டறைத் தரையில் கொட்டினார். ஏலக்காய். பாதிக்கு மேல் வெடித்துப் பழுப்பாகக் கிடந்தது. அவர் எஸ்டேட்டில் வேலை செய்கிறவர். சொந்தமாக அரை ஏக்கர் ஏலம் உண்டு. அந்தப் பருவத்தின் முதல் காயெடுப்பு அது.

“செல்லையா அண்ணாச்சி புதுசா செஞ்ச டிரையர்ல போட்டேன். அடித்தட்டு பூரா கருகிப்போச்சு. இனி அவர நம்ப முடியாது. அடுத்த காய உங்ககிட்டதான் போடுதேன்,” என்றார்.

சரி என்றேன். அவர் போன பிறகு காயை அள்ளினேன். மணமே இல்லை.

2. அரை அடி

நான் சித்தூர்க்காரன். வெல்டிங் வேலைக்கு மலையேறிச் சாந்தன்பாறை வந்து இருபது வருஷம் தாண்டிவிட்டது. ஏலக்காய் டிரையர் செய்கிறேன். ஒன்றை நானே ஓட்டி, சிறு தோட்டக்காரர்களின் காயை உலர்த்தியும் கொடுக்கிறேன். பட்டறைக்குப் பின்னால் ஒரு அறை. ஆள் நான் மட்டும்.

செல்லையாவுக்கும் இதே தொழில்தான். பட்டறை பூப்பாறையில். அடுப்புக் குழாய்க்கு மேலே எத்தனை அடி விட்டுக் கீழ்த்தட்டு வைப்பது என்று போனில் கேட்டிருந்தார். நான் வைப்பது மூன்றடி. அவரிடம் இரண்டரை என்றேன். எங்கள் தொழிலில் அது வழக்கம். கேட்டால் அளவு சொல்வோம், ஒன்றை மட்டும் மாற்றிச் சொல்வோம். கேட்டவனுக்கு நாலு நாள் வேலை கெடும். காய் கெடும் என்று நான் நினைக்கவில்லை.

மறுநாள் காலை பூப்பாறைக்குப் பஸ் ஏறிப் போனேன். செல்லையா டிரையரைப் பிரித்துப் போட்டிருந்தார். தன் வெல்டிங்தான் தப்பு என்று மூன்றாவது தடவையாகப் பிரிக்கிறார்.

“அளவு நாந்தானுங்க தப்பாச் சொன்னேன். மூணடி வைக்கோணுமுங்க.”

அவர் ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை.

“போன வருசம் நீரு ஃபேன் அளவு கேட்டீருல்லா,” என்றார். “அதையும் மாத்திக்கிடும் வே.”

அந்த ஃபேனோடு ஒரு வருஷம் மல்லுக்கட்டியிருந்தேன். அவரும் எனக்கு ஒன்றை மாற்றித்தான் சொல்லியிருந்தார். அவர் சொன்ன சரியான அளவுகளைத் தகரத் துண்டில் எழுதிக்கொண்டு கிளம்பினேன்.

பேச்சியம்மாளிடமும் சொன்னேன். அடுத்த காயைக் கூலி இல்லாமல் உலர்த்தித் தருகிறேன் என்றேன்.

“நான் சாக்கக் கொட்டும்போதே சொல்லியிருக்கலாம்லா,” என்றார். அடுத்த காயைச் செல்லையாவிடமே கொண்டுபோனார்.

3. ஷட்டர்

பிறகு என் எல்லா அளவையும் பட்டறை ஷட்டரில் பெயிண்டால் எழுதினேன். யாரும் எடுக்கலாம், மாற்றினால் இங்கே வந்து எழுத வேண்டும் என்று அடியில் போட்டேன். மலை பார்க்க வந்த கம்ப்யூட்டர்காரர் ஒருவர் அதைப் படம் பிடித்தார். அவர்கள் வேலையில் இப்படி எல்லாருக்கும் திறந்து வைப்பதற்கு ஓப்பன் சோர்ஸ் என்று பெயராம். போட்டிக் கம்பெனிகள்கூட இப்படிச் சேர்ந்து வேலை செய்யுமாம்.

அளவை எடுத்துப் போனவர்கள் திரும்ப வரவில்லை. அளவு கேட்டு வரும் போனும் குறைந்தது. சில நாள் யாரோடும் ஒரு பேச்சு இருக்காது.

ஊருக்குப் போய் வந்த ஒரு நாள் பார்த்தேன். மூன்றடியை யாரோ கரியால் அடித்து, மேலும் நாலு அங்குலம் என்று எழுதியிருந்தார்கள். என் டிரையரில் அப்படியே வைத்துப் பார்த்தேன். மேல்தட்டுக் காயும் கீழ்த்தட்டுக் காயும் முதல் தடவையாக ஒன்றுபோல் காய்ந்தன.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். அளவை ஒளித்தால் அடுத்தவன் வேலை மட்டும் கெடுவதில்லை. நம் தப்பைத் திருத்தக்கூடிய ஆளும் வெளியிலேயே நின்றுவிடுகிறான். என் அளவு இத்தனை வருஷமும் தப்பு.

திருத்தியது யாரென்று விசாரித்தேன், தெரியவில்லை. கரி அழிந்துவிடும் என்று அந்த அளவைப் பெயிண்டால் எழுதினேன். பக்கத்தில் பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். இன்னும் யாரும் எழுதவில்லை.