புளிசாதத்துக்கு முன்னால் ஓர் ஆமென்

ஆண்டவரின் வீட்டாருக்கு என் அன்பு. எங்கள் மகன் ஜோயல் நான்கு வயதில் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் காணாமல் போனதையும், கர்த்தர் அவனைத் திருப்பித் தந்ததையும் இங்கே எழுதுகிறேன். ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை. என் டைரியில் இருப்பதையே சொல்கிறேன்.

அன்று டிசம்பர் 24. புனேயில் புதிய கார் கம்பெனிகள் வரிசையாக வந்துகொண்டிருந்த காலம். அதில் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்து, சித்தூரை விட்டுப் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. கிறிஸ்மஸுக்கு லீவு கிடைத்ததே இல்லை. அந்த வருஷம் கிடைத்தது. சித்தூரில் மிஷன் காம்பவுண்டுக்குப் பக்கத்தில் என் அப்பா, நாங்கள் நைனா என்போம், தனியாக இருந்தார். ஆஸ்பத்திரி கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தாத்தா வீட்டில் கிறிஸ்மஸ் என்றால் எப்படி இருக்கும் என்று என் பிள்ளைகளுக்குத் தெரியாது. மூத்தவள் ஹெப்சி, முதலாம் வகுப்பு. இளையவன் ஜோயல்.

புறப்படுவதற்கு முந்தின வாரம் ஜோயலுக்குத் தலையெல்லாம் கொப்புளம். டாக்டர் மொட்டை அடிக்கச் சொல்லி, மஞ்சள் நிறத்தில் ஒரு களிம்பு கொடுத்தார். என் மனைவி சுகந்தி அதைக் காலையிலும் மாலையிலும் பூசிவிட்டாள். ரேணிகுண்டாவில் ரயிலை விட்டு இறங்கியபோது ஒரு போர்ட்டர் அவனைப் பார்த்து, "மலைக்குப் போறதுக்கு முன்னாடியே மொட்டையா?" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

திருப்பதி ஸ்டாண்டில் அன்று நிற்க இடமில்லை. நான் சித்தூர் பஸ்ஸின் ஏணியில் ஏறிப் பெட்டிகளை மேலே கட்டிக்கொண்டிருந்தேன். ஹெப்சி பாத்ரூம் போக வேண்டும் என்றாள். சுகந்தி, "ஜோயல் இங்க நிக்கிறான், பாத்துக்கங்க" என்று கீழிருந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். ஹாரன் சத்தத்தில் அது என் காதில் விழவில்லை. நான் இறங்கி வந்தேன். அவள் திரும்பி வந்தாள். இருவரும் ஒரே கேள்வியைக் கேட்டோம்.

"ஜோயல் எங்க?"

அந்த நிமிஷத்தை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. சுகந்தியின் முகத்தில் ரத்தமே இல்லை. பஸ்ஸுக்கு அடியில் பார்த்தேன். கடைகளில் பார்த்தேன். தண்ணீர்க் குழாயடியில் பார்த்தேன். எங்கும் மொட்டைத் தலைகள். எல்லாத் தலையிலும் சந்தனம். தூரத்திலிருந்து ஒவ்வொன்றும் என் பிள்ளை. பக்கத்தில் போனால் ஒன்றும் என் பிள்ளை இல்லை.

போலீஸ் அவுட்போஸ்டில் ஒரு கான்ஸ்டபிள் இருந்தார். "அடையாளம் செப்பண்டி சார்" என்றார்.

"நாலு வயசு. நீலச் சட்டை. மொட்டை அடிச்சிருக்கு. தலையில மஞ்சளா களிம்பு."

அவர் பேனாவை வைத்துவிட்டார். "சார், ஸ்டாண்டு பூரா மொட்டைதானே? வேற ஏதாச்சும் சொல்லுங்க."

வேறு என்ன சொல்வது? நான் எதையும் ஒழுங்காகச் செய்கிற ஆள் என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கள் பெட்டி ஒவ்வொன்றிலும் பெயரும் சித்தூர் விலாசமும் எழுதி ஒட்டியிருந்தேன். பிரியாணி அரிசி இருந்த பைக்குக்கூட ஒட்டியிருந்தேன். பிள்ளைக்கு ஒட்டவில்லை.

மைக்கில் தெலுங்கிலும் தமிழிலும் சொன்னார்கள். நல்ல மனுஷர்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் ஒரு மொட்டைப் பையனைத் தூக்கி வந்து, "இவனா பாருங்க" என்றார். அந்தப் பையனின் தாய் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடி வந்தாள். அவள் தன் பிள்ளையைப் பிடுங்கி மார்போடு அணைத்ததைச் சுகந்தி பார்த்துக்கொண்டே நின்றாள். அதற்குப் பிறகுதான் அவள் அழ ஆரம்பித்தாள்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து நைனாவின் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தேன். நைனா வந்து எடுத்தார்.

"நைனா, ஜோயலக் காணோம். ஆட்டோ புடிச்சி மலைப்பாதை வரைக்கும் தேடிப் பாக்கப் போறேன்."

நைனா சொன்னார். "வேணாம்டா. நீ நின்ன எடத்த வுட்டு நகராத. யார் கொண்டாந்தாலும் அங்கதான் கொண்டாருவாங்க. சர்ச்சுல நட்சத்திரம் கட்டிக்கினு எல்லாரும் இருக்காங்க. நாங்க முழங்கால்ல நிக்கிறோம். நீ நில்லு."

நிற்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஓடினால் ஏதோ செய்கிறோம் என்றாவது தோன்றும். ஆனாலும் நின்றேன். சுகந்தியும் ஹெப்சியும் சிமெண்டு பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். நான் தினமும் வரிசைப்படி ஜெபிக்கிறவன். முதலில் ஸ்தோத்திரம், பிறகு சபை, பிறகு குடும்பம், கடைசியில் என் தேவைகள். அன்று வரிசையெல்லாம் மறந்துபோனது. "ஆண்டவரே, பிள்ளை. ஆண்டவரே, பிள்ளை." அவ்வளவுதான் வந்தது. எங்கள் சித்தூர் பஸ் போய்விட்டது. கண்டக்டரே பெட்டிகளை இறக்கி என் காலடியில் வைத்துவிட்டுப் போனார். பெயரும் விலாசமும் எழுதிய பெட்டிகள்.

வெயில் சாய ஆரம்பித்தபோது ஹெப்சிதான் முதலில் பார்த்தாள். "மம்மி! ஜோயல்!"

காளஹஸ்தியிலிருந்து வந்த பஸ்ஸில் ஓர் அம்மாள் இறங்கினாள். இடுப்பில் ஒரு மொட்டை. கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு மொட்டை, நீலச் சட்டையில். பின்னால் அவள் புருஷன். ஜோயலின் கையில் ஒரு பிளாஸ்டிக் ஊதல் இருந்தது. அவன் அழவில்லை. ஓடிப்போய் அவனைத் தூக்கிக்கொண்டேன்.

ஹெப்சி அவனை அதட்டினாள். "எங்கடா போன?"

"எனக்கு ஜன்னல் சீட்டு குடுத்தாங்க" என்றான்.

அந்த அம்மாள் பெயர் கன்னியம்மா. காளஹஸ்தி தாண்டி, தடாவுக்குப் பக்கத்து ஊர். குடும்பத்தோடு மலைக்குப் போய், பிள்ளைகளுக்கெல்லாம் மொட்டை போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள். எங்கள் பஸ்ஸை ஒட்டித் தடா பஸ் வந்து நின்றிருக்கிறது. நம் பக்கத்து ஸ்டாண்டுகளில் நடப்பதுதான்: கூட்டம் வாசலை அடைத்தால் சீட் பிடிக்கப் பிள்ளைகளை ஜன்னல் வழியாக உள்ளே விடுவோம். கன்னியம்மா கைக்கு எட்டிய மொட்டைகளையெல்லாம் தூக்கி உள்ளே விட்டிருக்கிறாள். அதில் என் மகனும் போய்விட்டான்.

"ஏறினதும் தலய எண்ணினேன்மா. சரியா இருந்திச்சி" என்றாள் சுகந்தியிடம்.

"தலய எண்ணினாளாம் தலய!" என்றார் அவள் புருஷன். "மூஞ்சியப் பாத்தியா?"

"நீ இன்னா பேசற? சின்னவனத் தோள்ல வச்சிக்கினு முன்னாடி போய்க் குந்திக்கின. எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா? அவனச் சேத்துதானே நான் எண்ணினேன்!"

பிறகு நடந்ததை அவளே சொன்னாள். அவள் சொன்னபடியே அன்று எழுதி வைத்தேன்.

"ரேணிகுண்டா தாண்டி, புளிசாதத்தப் பிரிச்சி எலையில வச்சிக் குடுத்தேன். எல்லாம் அடிச்சிக்கினு துன்னுதுங்க. இது மட்டும் துன்னல. கையக் கூப்பிக்கினு கண்ண மூடிக்கினு, 'இயேசப்பா, சாப்பாட்டுக்கு ஸ்தோத்திரம், அக்காவுக்கும் குடு, ஆமென்'னுச்சி. எம்மா, எனக்கு ஒடம்பெல்லாம் ஆடிப்போச்சி. இது நம்ம வூட்டுப் புள்ள இல்லியேன்னு அப்பதான் மூஞ்சியப் பாத்தேன். 'நிறுத்துய்யா பஸ்ஸ'ன்னு கத்தினேன் பாரு, டிரைவரே பயந்துட்டாரு."

ஏர்ப்பேட்டில் இறங்கியிருக்கிறார்கள். மற்றப் பிள்ளைகளைக் கொழுந்தனாரோடு ஊருக்கு அனுப்பிவிட்டு, எதிரே வந்த பஸ்ஸைப் பிடித்திருக்கிறார்கள். அங்கேயே யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் போகலாமே என்று கண்டக்டர் சொன்னாராம். கன்னியம்மா கேட்கவில்லை. "எங்க ஏத்தினேனோ அங்கயேதான் எறக்குவேன். பெத்தவ அங்கதானே நின்னுக்கினு இருப்பா."

நைனா போனில் சொன்னதும் அதேதான். நான் மலைப்பாதைக்கு ஓடியிருந்தால்?

சாப்பிடும் முன் ஜெபம் என்பது ஹெப்சியின் சட்டம். புனேயில் எங்கள் வீட்டில், தம்பி ஆமென் சொல்லாமல் தட்டைத் தொட்டால் அவள் தட்டையே இழுத்துக்கொள்வாள். "விடேன், குழந்தைதானே" என்று நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அவள் விட்டதில்லை.

சித்தூரில் சபையார் முழங்காலில் நின்றபோதுதான் அவன் கண்ணை மூடினானா என்று பலரும் கேட்டார்கள். நான் அந்த நேரத்தில் கடிகாரம் பார்க்கவில்லை. பார்க்காததைச் சொல்லமாட்டேன். நாங்கள் வேண்டிக் கேட்டோம், கர்த்தர் கேட்டருளினார். அது போதும்.

சித்தூர் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. தெருவில் எல்லா வீட்டு நட்சத்திரமும் எரிந்தது. நைனா வீட்டு நட்சத்திரம் மட்டும் எரியவில்லை. மூங்கில் கொம்பில் கட்டி, ஒயர் இழுத்து, சுவிட்ச் போடாமல் வாசலில் காத்திருந்தார். பிள்ளையை வாங்கி அவன் களிம்புத் தலையில் முத்தமிட்டார். அவர் வாயெல்லாம் மஞ்சள். பிறகு அவனைத் தூக்கிப் பிடித்து, "நீ போடுறா" என்றார். ஜோயல் சுவிட்சைப் போட்டான். கேரல் பாட வந்திருந்தவர்கள் பாட முடியாமல் அழுதார்கள்.

மறுநாள் விடியற்கால ஆராதனையில் நான் சாட்சி சொல்ல எழுந்தேன். ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க முடியவில்லை. நைனா எழுந்து மீதியைச் சொன்னார். வீட்டுக்கு வந்து பிரியாணி பரிமாறியபோது, எல்லோரும் ஜோயலையே பார்த்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்திருந்தோம். அவனுக்கு வெட்கம். ஹெப்சி அவன் தட்டின் மேல் கையை வைத்திருந்தாள்.

அடுத்த வருஷம் முதல் நாங்கள் கிறிஸ்மஸுக்குச் சித்தூர் வராமல் இருந்ததில்லை. எந்தக் கம்பெனி என்ன சொன்னாலும் சரி. கன்னியம்மா குடும்பமும் ஒரு வருஷம் வந்தது. பிள்ளைகளுக்கெல்லாம் முடி வளர்ந்திருந்தது. "இப்ப எண்ணிப் பாரு, தப்பு வராது" என்று அவள் புருஷன் கேலி செய்தார். சாப்பாடு வைத்ததும் அந்தப் பிள்ளைகள் யாரும் தட்டில் கை வைக்கவில்லை. கன்னியம்மா, "இருங்கடா, அவன் சொல்லட்டும்" என்றாள்.

நைனா கர்த்தருக்குள் இளைப்பாறிவிட்டார். ஜோயல் இப்போது வேலைக்காகக் கடல் தாண்டிப் போயிருக்கிறான். கேன்டீனில் தனியாகச் சாப்பிடுகிறான். போன மாதம் போனில் கேட்டேன்.

"சாப்பிடறதுக்கு முன்னாடி கண்ண மூடறியாடா?"

"மூடறேன் டாடி. பக்கத்துல இன்னொரு கன்னியம்மா கேட்டுக்கினு இருந்தா?" என்று சிரித்தான்.

அன்பானவர்களே, உங்கள் பிள்ளைகளும் தூர தேசங்களுக்குப் போகிறார்கள். பெட்டிக்கு விலாசம் எழுதுங்கள், அது நல்லதுதான். நான் இன்றும் எழுதுகிறேன். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒரு பெட்டிகூடத் தொலையவில்லை, நான் எழுதிய விலாசத்துக்கு வேலையே இருக்கவில்லை. விலாசம் இல்லாமல் போன பிள்ளையை, அவன் நாக்கில் இருந்த ஒரு சின்ன ஸ்தோத்திரத்தைக் கொண்டு கர்த்தர் வீடு சேர்த்தார். உங்கள் பிள்ளையின் நாக்கிலும் அதை வையுங்கள். பிறகு அவரை நம்பி, நின்ற இடத்தில் நில்லுங்கள்.