குளக்கோழியின் கால்

கொச்சி வல்லார்பாடத்தில் லாரிக்குக் காத்திருந்தபோது கோரைக்குள்ளிருந்து 'க்வாக் க்வாக்' என்று சத்தம் வந்தது. கண்ணில் படாத குளக்கோழி. கேமராவோடு நின்ற தமிழ்ப் பையன் சொன்னான்: "பேர்லதாண்ணே கோழி. இனப்படி கோழிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

எழுபதுகளில் மட்டாஞ்சேரியில் அம்மாவும் இதைச் சொல்லித்தான் வாதாடினாள். அப்பா மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்கினார். வேலையில்லாத நாளில் சதுப்பில் கண்ணி வைத்துக் குளக்கோழி பிடித்து வருவார். குழம்பு கொதித்ததும் பக்கத்து வீட்டுச் சேச்சி வாசலுக்கு வந்துவிடுவாள். அவள் கோழி வளர்ப்பவள். பிழைக்க வந்த தமிழர்களை நம்பமாட்டாள்.

"எந்தா, இன்னைக்கும் கோழியாணோ?"

"குளக்கோழி சேச்சி. காலைப் பாருங்க, விரல் எம்மாம் நீளம்! உங்க கோழிக்கு இப்படி இருக்கா?"

இதற்காகவே வெட்டிய கால்களை அம்மா வாசல் ஆணியில் தொங்கவிடுவாள்.

ஒரு மழைக்காலத்தில், அடுப்பு எரியாத சில நாட்களுக்குப் பிறகு, அப்பா உரித்த கறியை இலையில் கட்டிக் கொண்டுவந்தார்.

"கால் எங்க?"

"ஓடையில போட்டுட்டேன்."

அம்மா அவர் முகத்தையே பார்த்தாள். வெளியே சேச்சி 'பா, பா' என்று கோழியைத் தேடிக்கொண்டிருந்தாள். அம்மா கதவைச் சாத்தினாள். மசாலா வாசம் வெளியே போகாதபடி வெறும் உப்பில் வேகவைத்து எங்களுக்குப் போட்டாள். தான் தொடவில்லை. பிறகு ஆணியில் காய்ந்து கிடந்த பழைய கால்களை எடுத்து, தண்ணீரில் நனைத்து, மறுபடியும் தொங்கவிட்டாள்.

"சாப்பிட்டிருக்கீங்களாண்ணே? கோழி மாதிரியா இருக்கும்?" என்று பையன் கேட்டான்.

"ஒரே ஒரு தடவை கோழி மாதிரியே இருந்தது" என்றேன்.