ஒரு வீடு தள்ளி நின்ற தெரு

மீட்டர் சுருளிச்சாமி காலமான செய்தி எனக்கு எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தின் ஒலிபெருக்கியில் வந்தது. சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தேனிக்குப் போவதற்காக நின்றிருந்தேன். "கம்பம் வழியாகக் குமுளி செல்லும் வண்டி இரண்டாவது நடைமேடையில் நிற்கிறது. உறைகிணற்றுத் தெரு சுருளிச்சாமி அவர்கள் இன்று அதிகாலை காலமானார். பயணிகள் படியில் தொங்க வேண்டாம்" என்று டைம்கீப்பர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். எதற்குக் கலங்குவது, எதற்கு ஓடுவது என்று தெரியாமல் பயணிகள் சற்று நேரம் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார்கள். நான் தேனி வண்டியை விட்டுவிட்டேன்.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு ஒரு விளக்கம்: உறைகிணற்றுத் தெரு என்று இன்று ஒரு தெரு கிடையாது. சின்னமனூர் தாண்டிக் கம்பம் போகும் சாலையில், எங்கள் ஊரில், முப்பத்தொரு வீடுகளோடு அது இருந்தது. 1996-இல் பேருந்து நிலையம் கட்ட இடம் தேவைப்பட்டது, தெருவை எடுத்துக்கொண்டார்கள். முறைப்படி நோட்டீஸ் கொடுத்து, இழப்பீடு கொடுத்து, நன்றியும் சொல்லிவிட்டார்கள் என்பதால் யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியவில்லை. தெருக்காரர்கள் தேனி, குச்சனூர், வைகை அணை என்று ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

சுருளிச்சாமி கரண்டு ஆபீசில் மீட்டர் கணக்கெடுப்பவர். பிறந்த தெருவின் மீட்டர்களையே இருபத்தெட்டு வருடம் படித்தவர். மனிதர்களைப் பெயரால் நினைவு வைப்பது அவருக்குச் சிரமம். "கதவுக்குப் பின்னாடி மீட்டர்" என்றால் ஒரு குடும்பம், "சாமி படத்துக்கு மேல மீட்டர்" என்றால் இன்னொரு குடும்பம். "ஒரு வீட்டப் பத்தித் தெரியணும்னா மீட்டர எங்கன வச்சிருக்காகன்னு பாருங்க வாத்தியாரே" என்பார். "எட்டாத ஒயரத்துல வச்சிருந்தா புள்ளைக வாலுன்னு அர்த்தம். தலைவாசல்லயே வச்சிருந்தா யாரையும் உள்ள விட மாட்டாகன்னு அர்த்தம்." பள்ளியில் வரலாறு நடத்தும் நான் அந்தத் தெருவில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். என் மீட்டர் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வீடுகளை இடிக்க வந்த அன்று அவர் கணக்கு அட்டையோடு முன்னால் போய் நின்றார். "ஏலே, செத்தப் பொறுங்கடா, கடைசி ரீடிங் எடுத்துக்கிறேன்" என்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கடப்பாரைக்காரர்களை நிறுத்தினார். தன் வீட்டுக்கு வந்தபோது கதவைத் தட்டி, "கரண்டு ஆபீஸ்" என்று குரல் கொடுத்து, தானே உள்ளே போய்ப் படித்து, தனக்கே அட்டை எழுதிக் கையெழுத்தும் போட்டுக்கொண்டார். அந்த மாதமே ஓய்வும் பெற்று, ஊரிலேயே வேறு தெருவுக்குக் குடிபோனார்.

இரண்டு வருடம் சும்மா இருந்தார். பிறகு ஒரு நாள், "தெருதான போச்சு, தெருக்காரங்க இருக்கோம்ல" என்று கிளம்பினார். அப்படித்தான் தெருப் பொங்கல் தொடங்கியது. தை மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை விடியலில், ஆறரை மணிக் குமுளி வண்டி வரும்வரை, பேருந்து நிலையத்தில் பொங்கல் வைத்துக்கொள்ள அனுமதி வாங்கிவிட்டார்.

அவர் தெருவை அளந்த விதம் அவருக்கு மட்டுமே வரும். டேப் கிடையாது, வரைபடம் கிடையாது. சுண்ணாம்புத் தூள் வாளியோடு மூலையில் நின்ற கரண்டுக் கம்பத்திடம் போவார். அதில் தெருவின் பழைய கம்ப எண் இருக்கும். அதில் முதுகை வைத்து நின்று, அங்கிருந்து மேற்கே காலடியால் அளந்து எட்டுப் போடத் தொடங்குவார். இருபத்தெட்டு வருடம் வீட்டுக்கு வீடு நடந்த கால்கள் அவை. "இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் பதினோரு எட்டு. நடுவுல சாக்கடை, அதுக்கு ஒரு தாண்டு" என்று சொல்லிக்கொண்டே தாண்டுவார், சிமெண்டுத் தரையில் சாக்கடை எதுவும் இருக்காது. "மனுசன் நகருவான் வாத்தியாரே, கம்பம் நகராது" என்பார். அரை மணி நேரத்தில் முப்பத்தொரு வீடுகளும் வெள்ளைக் கோடுகளாக எழுந்துவிடும். ஒவ்வொரு வீட்டுக்கும் வாசல் இருக்கும் இடத்தில் மட்டும் கோட்டில் இடைவெளி விட்டிருப்பார். நடுவில் ஒரு வட்டம், அது கிணறு. குடும்பங்கள் வந்து அவரவர் வாசலில் மூன்று செங்கல் வைத்துப் பொங்கலிடும்.

ஒரே ஒரு விதி: வாசல் வழியாகத்தான் வீட்டுக்குள் போக வேண்டும். முதல் வருடமே ஒரு நடத்துநர் அவசரத்தில் குறுக்கே நடந்துவிட்டார். சுருளிச்சாமி அவரைப் பிடித்துக்கொண்டார். "ஏலே, அடுப்படிக்குள்ள செருப்புக் காலோட போறியே, உங்க ஆத்தா அடுப்படியில இப்பிடித்தான் போவியா?" நடத்துநர் கீழே பார்த்தார், கோடு மட்டும் தெரிந்தது. இருந்தாலும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, காட்டிய வாசல் வழியாக வெளியேறினார். இன்றும் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் நடத்துநர்கள் சுற்றித்தான் நடக்கிறார்கள்.

வாடகைக்காரனான எனக்கு விழாவில் இடம் உண்டா என்று சிலர் கேட்டார்கள். "மீட்டர் இருந்துச்சு, அப்ப ஆளும் உண்டு" என்று சுருளிச்சாமி தீர்ப்புச் சொன்னார். ஆனால் கீழ்வீட்டுக்காரர் கோட்டுக்குள் நான் காலெடுத்து வைத்ததும் தடுத்தார். "நீங்க மாடியில இருந்தீக. இங்கன எப்பிடி நிப்பீக?" டீக்கடையிலிருந்து ஒரு ஸ்டூல் வந்தது. பன்னிரண்டு வருடங்களாக ஒவ்வொரு தெருப் பொங்கலுக்கும் நான் ஸ்டூல் மேல் நின்றிருக்கிறேன். என் மாணவர்கள் பேருந்திலிருந்து பார்த்துவிட்டு மறுநாள் வகுப்பில் மிகுந்த அடக்கத்தோடு உட்கார்ந்திருப்பார்கள்.

மூன்றாம் வருடம் ஒரு சமாதானமும் நடந்தது. நடுச்சுவர் யாருடையது என்பதில் அரை அடிக்காகப் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்த அண்ணன் தம்பி இருவர், சுண்ணாம்புக் கோட்டின் இரு பக்கமும் நின்று முறைத்தார்கள். சுருளிச்சாமி காலால் கோட்டை அழித்துவிட்டு, "இப்பச் சொல்லுங்க, சண்டை எங்கன இருக்கு?" என்றார். இருவரும் தேடினார்கள். பிறகு ஒரே பானையில் பொங்கல் வைத்தார்கள். வீடு இருந்தவரை தீராத வழக்கு வீடு போனபின் இப்படித் தீர்ந்தது.

அவருடைய சொந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் வருடம் அவர் கம்பத்திலிருந்து அளந்து வந்தபோது, அவர் வீடு சரியாகக் கட்டணக் கழிப்பிடத்தில் போய் விழுந்தது. திரும்பப் போய் மறுபடி அளந்தார். மூன்று முறை அளந்தும் கால்கள் அங்கேதான் கொண்டுபோய் நிறுத்தின. சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, "நம்ம வீட்டுக்கு இப்பத்தான் தண்ணி வசதி வந்திருக்கு" என்றார். பிறகு வாசல் கழுவி, கோலம் போட்டு, பொங்கல் வைத்து, மாலை போட்டுக்கொண்டு அங்கே உட்கார்ந்தார். அவசரமாக வரும் பயணிகளை எழுந்து நின்று வரவேற்றார். "வாங்க, வாங்க. நம்ம வீடுதான், கூச்சப்படாமப் போயிட்டு வாங்க."

கிழக்கே அடுத்த வீடு பேச்சியம்மாளுடையது. கணவரை இழந்தவர், வைகை அணையில் மகனோடு இருக்கிறார். ஒவ்வொரு தெருப் பொங்கலுக்கும் முதல் ஆளாக வந்து, தன் கோட்டுக்குள் கணவரின் கட்டில் கிடந்த மூலையில் ஒரு விளக்கை ஏற்றி வைத்து, அரை மணி நேரம் அவரிடம் பேசுவார். வருடத்துச் செய்திகள் எல்லாம் வரிசையாகப் போகும். மருமகளைப் பற்றிய பகுதி சற்று நீளம். ஆறரை மணி வண்டிகூட அந்தப் பகுதி முடியும்வரை ஹாரன் அடிக்காமல் நிற்கும்.

2006-இல் சாக்கடைக்காக நிலையத்துக்குள் ஜேசிபி தோண்டியது. நானும் சுருளிச்சாமியும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். பள்ளத்தில் சுட்டமண் வளையங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தன. எங்கள் கிணற்றின் உறைகள். எட்டு வருடமாக நாங்கள் வட்டம் போட்டுச் சூடம் காட்டிய இடத்தில் அவை இல்லை. ஒரு வீட்டு அகலம் மேற்கே இருந்தன.

அவர் டீயை வைத்துவிட்டு, கிணற்றிலிருந்து கம்பம்வரை எட்டுப் போட்டுப் போனார். ஒரு வீட்டுத் தூரம் கூடுதலாக வந்தது. பழக்கமான லைன்மேன் ஒருவரைப் பிடித்துக் கம்பத்தைப் பற்றிக் கேட்டார். "அதுவாண்ணே? பஸ்சு திரும்ப இடைஞ்சலா இருக்குன்னு ஸ்டாண்டு கட்டுனப்பவே ஒரு வீட்டுத் தூரம் கெழக்க தள்ளி நட்டுட்டோம். நம்பர மட்டும் மாத்தல" என்றார் அவர். சுருளிச்சாமி கம்பத்தை ஏற இறங்கப் பார்த்தார். "எட்டுத் தப்பல வாத்தியாரே. கம்பந்தான் என்னைய ஏமாத்திருச்சு."

ஆக, முப்பத்தொரு குடும்பங்களும் எட்டு வருடமாகப் பக்கத்து வீட்டில் அழுதிருக்கின்றன. நான் மனதுக்குள் தெருவை ஒரு வீடு மேற்கே நகர்த்திப் பார்த்தேன். கழிப்பிடத்துக்கு மேற்கே டைம்கீப்பர் அறை. "அண்ணே, உங்களுக்கு யோகம்! உங்க வீடு டைம்கீப்பர் ரூமு. ஃபேன் இருக்கு, நாற்காலி இருக்கு, மைக்கு இருக்கு" என்றேன்.

"அப்ப கக்கூசு யாருக்கு?"

நான் கிழக்கே பார்த்தேன். பேச்சியம்மாள் வீடுதான் கழிப்பிடத்தில் விழும்.

"அந்தப் பொம்பள புருசன்ட்டப் பேசுற எடம் வாத்தியாரே. கக்கூசுக்குள்ள நின்னுக்கிட்டு மருமகளப் பத்திப் பேச முடியுமா? வாயத் தொறக்காதீக." சொல்லிவிட்டு நேராக ஜேசிபிக்காரரிடம் போனார். "தம்பி, அது பழைய கக்கூசுக் குழி. ஒடைஞ்சா ஊரு நாறிரும்." அந்தப் பள்ளம் மூடப்பட்ட வேகத்தில் எங்கள் ஊரில் வேறு எந்தப் பள்ளமும் மூடப்பட்டதில்லை.

அதன்பின் நான்கு தெருப் பொங்கலுக்கும் அவர் தெரிந்தே தப்பாகக் கோடு போட்டார். நகர்ந்த கம்பத்தில் அதே பக்தியோடு முதுகை வைத்து நின்று, இல்லாத சாக்கடையை இல்லாத இடத்தில் தாண்டினார். கழிப்பிடத்து வாசலில் மாலையோடு உட்கார்ந்தார். யாரோ ஒருவருடைய மாடியில் நான் ஸ்டூலோடு நின்றேன். இடம் தவறிய நினைவிடங்களை வகுப்பில் நிறைய நடத்தியிருக்கிறேன். ஒன்றில் குடியிருந்தது அப்போதுதான்.

அவர் இறந்த அன்று பேச்சியம்மாள் மதிய வண்டியில் வந்து சேர்ந்தார். அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இனிமே யாருய்யா கோடு போடுவாக?"

"நான்தான் போடணும் போல."

"பழைய எடத்துலயே போடுங்க. நெசமான எடத்துல போட்டுறாதீக."

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நாப்பது வருசம் கோலம் போட்டுட்டு நிமுந்தா எதுத்தாப்புல ரைஸ்மில்லுக் கதவு நேராத் தெரியும். மொத வருசமே பாத்தேன், கதவு ஒரு வீடு தள்ளி நிக்கிது. மில்லா நடந்து போயிருக்கும்?"

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"எப்பிடிய்யா சொல்ல? அந்த மனுசன் கக்கூசு வாசல்ல மாலையும் கழுத்துமா ராசா கணக்கா உக்காந்திருந்தாக. எந்திரிங்கன்னு சொல்ல மனசு வரல." கொஞ்சம் யோசித்துவிட்டு நேர்மையாகச் சேர்த்துக்கொண்டார்: "எனக்கும் அந்த எடம் வேணாம்லய்யா."

இதையெல்லாம் எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க. நம்ம தெருவுல எவன் படிக்கிறான்?" என்றார்.

படிக்கும் ஒன்றிரண்டு தெருக்காரர்களுக்குச் சொல்கிறேன்: வருகிற தையில் கோடு அதே தப்பான இடத்தில்தான் இருக்கும். கம்பத்தை மறுபடி நகர்த்தினாலும் அந்த இடம் மாறாது. உங்களில் எத்தனை பேர் ரைஸ்மில்லைப் பார்த்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. கழிப்பிடத்து வாசலில் யார் உட்காருவது என்பதை மட்டும் நேரில் பேசிக்கொள்ளலாம்.

அவருடைய சுண்ணாம்பு வாளி என் வீட்டில் இருக்கிறது. பதினோரு எட்டையும் ஒரு தாண்டையும் பழகிக்கொண்டிருக்கிறேன். இன்னொன்றும் என்னிடம் தங்கிவிட்டது. சாவுச் செய்தி செத்தவர் வீட்டிலிருந்து புறப்பட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அன்று காலை அது அப்படித்தான் புறப்பட்டது. தன் அறையில் மைக்கைப் பிடித்திருந்த டைம்கீப்பருக்குத்தான் அது தெரியாது. இப்போதெல்லாம் வண்டி நேரம் கேட்க அந்த அறைக்குப் போனால் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் நுழைகிறேன். டைம்கீப்பர் பதறி எழுந்து நாற்காலியை இழுத்துப் போடுகிறார். நான் உட்காருவதில்லை. வீட்டுக்காரர் இல்லாத நேரத்தில் உட்காருவது முறையல்ல.