புட்டிக்கு வைத்த பொட்டு

ஸ்ரீராம்புரத்து எத்திராஜ் தன் வீட்டு ஜன்னலைக்கூடத் துடைத்தவரல்ல. ஆனால் ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் டிரஸ்ட் நடத்திய சின்ன மியூசியத்தில் அட்டெண்டராக, பதினான்கு வருஷத்தில் அலமாரிமேல் ஒரு தூசி படிய விட்டதில்லை. டிக்கெட் கிழிக்கிற என்னை அதன் பக்கத்திலேயே அண்டவிட மாட்டார்.

அதற்குள் இருந்ததில் அவருக்கு உயிர் ஒரு புட்டி. சுண்டுவிரல் நீளம்தான். வாசனைத் தைலம் வைக்க ஊதிச் செய்த கண்ணாடி. சிரியா மண்ணுக்குள் இரண்டாயிரம் வருஷம் கிடந்தது. அதன்மேல் மெல்லிய தோல் ஒன்று படிந்து, வெளிச்சத்தில் மயில்கழுத்து நிறத்தில் மின்னும். பழசு என்பதற்கு அந்தத் தோல்தான் சாட்சி.

தொண்ணூற்றாறில் டில்லி கண்காட்சிக்கு அதைத் தேர்ந்தெடுத்தார்கள். பத்திரமாகக் கொண்டுபோக எத்திராஜுக்கும் ரயில் டிக்கெட். ஜோலார்பேட்டையைத் தாண்டியறியாத மனுஷர், பதினைந்து நாள் முன்பே ஸ்வெட்டர் வாங்கிவிட்டார்.

அதற்குள் ஆயுத பூஜை வந்து தொலைத்தது. பூட்டு, சுத்தியல், டைப்ரைட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குழைத்துக் குங்குமம் வைக்கிறவர், வழக்கமாக அலமாரிக் கதவோடு நிறுத்திக்கொள்வார். அந்த வருஷம், நல்லபடியாகப் போய் வரட்டும் என்று புட்டிக்கும் ஒரு பொட்டு வைத்தார். மறுநாள் ஈரத்துணியால் ஒற்றியெடுத்தபோது சந்தனத்தோடு தோலும் உரிந்தது. பிடித்த இடமெல்லாம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. எனக்கு அவரை அறையலாம்போல் இருந்தது.

செயலாளர் ஞானசேகரன் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாய்யா இது? சிவாஜிநகர் அத்தர் கடையில வாங்கினியா?"

"அதே புட்டிதான் சார்."

"அப்ப தோல் எங்க?"

டில்லிக்குப் போகிற பட்டியலில் அந்த வரியை அடித்துவிட்டார்.

எத்திராஜ் துணியை உதறி, குப்பைக்கூடையைத் துழாவி, குங்குமத்தோடு கலந்து கிடந்த செதிலையெல்லாம் ஒரு காகிதத்தில் பொட்டலம் கட்டினார். மறுநாள் காலை செயலாளரிடம் இரண்டு கையாலும் நீட்டினார். வாய் திறப்பதற்குள் ஞானசேகரன் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார். ஒரு சிட்டிகை எடுத்துக் கண்ணை மூடி நெற்றியில் இட்டுக்கொண்டார்.

"எந்தக் கோயில் பிரசாதம்? எல்லாருக்கும் குடுய்யா."

நெற்றியில் வைத்த குங்குமத்தை அழியுங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

எத்திராஜ் நேராக என் கவுண்ட்டருக்கு வந்து பொட்டலத்தை நீட்டினார்.

"இந்தாம்மா, நீயும் வச்சிக்க" என்றார்.