இரண்டு கையில் ஏந்திய கம்பு

"நீ படிச்ச புள்ள, ஜெபம் பண்ணிப்போடுவ. இந்தப் பொம்பளைங்களுக்கு வாயி வருமாக்கும்? நான் பண்றேன், அவங்க ஆமென்னு சொன்னாப் போதும் கண்ணு" என்றார் எங்கள் கோவிலில் ஆராதனை நடத்தும் உபதேசியார்.

எடப்பாடிக்கு மேற்கே, காட்டு நடுவில் ஓலை வேய்ந்த கோவில் எங்களுடையது. எங்கள் குடும்பத்தில் முதன்முதல் எழுத்துக் கற்றவள் நான். மிஷன் பள்ளியில் தங்கிப் படித்துத் திரும்பியிருந்தேன். அந்தப் பெருமையை நான் ஒளித்ததில்லை. ஆனால் அம்மாவுக்கு இன்னும் இராப்போஜனம் கிடைக்கவில்லை. அறுப்பு முடிந்ததும் வரும் போதகர் முன்னால், சொந்த வாயால் ஜெபம் செய்தவர்களுக்கே அந்த அப்பமும் திராட்சரசமும். போன வருஷம் அம்மா எழுந்து நின்றாள். ஒரு சொல்லும் வராமல் உட்கார்ந்துவிட்டாள்.

கிணற்றடியில் ஊரையே கிழிக்கும் பக்கத்து வீட்டு அக்காளும் கோவிலில் ஊமைதான். அவள் முந்தானையால் வாயைப் பொத்தி நிற்பதை, உபதேசியார் அப்படிச் சொன்ன அன்றுதான் கவனித்தேன். எல்லாப் பெண்களும் அப்படியே நின்றார்கள்.

"ஏனுங்க்கா வாயப் பொத்தறீங்க?"

"கூலி குடுக்கற காட்டுக்காரப் பண்ணாடி முன்னாலயே பொத்திட்டு நிக்கறோம். ஆண்டவர் அவருக்கும் பெரிய பண்ணாடியல்லோ?"

இரவெல்லாம் அதையே நினைத்தேன். கம்பு குத்துமுன் கோவிலுக்கென்று ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போடுவது எங்கள் பெண்களின் வழக்கம். காலையில் அவர்களிடம் சொன்னேன்: "இனி அதை ரெண்டு கையிலயும் ஏந்துங்க. மனசுல இருக்கறத ஆண்டவருகிட்டச் சொல்லிட்டு அப்புறம் போடுங்க."

"ரெண்டு கையா? அப்புறம் களிக்கு உன்ற பள்ளிக்கூடமா கம்பு குடுக்கும்?" என்றாள் அக்காள். எல்லோரும் சிரித்தார்கள்.

"கம்பு அதே ஒரு பிடிதாங்க்கா. கை மட்டும் ரெண்டு."

கை இரண்டும் ஏந்தியிருந்தால் வாயைப் பொத்த முடியாது. முதலில் முணுமுணுப்புத்தான். பிறகு உரலடியில் அம்மாவின் குரல் அடுப்பு வரைக்கும் கேட்கத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோவில் கலயத்தின் முன்னாலும் அப்படியே செய்தோம்.

போதகர் வந்தார். அம்மா எழுந்தாள். இரண்டு கையிலும் கம்பை ஏந்தினாள்.

"ஏனுங்க சாமி, இது உங்க மழையில வெளஞ்சதுங்க. எம் புள்ளைக்கு எழுத்துக் குடுத்தீங்க. கோடையில போன எங் கைக்கொழந்த உங்க ஊட்டுலதான இருக்குது? பசிச்சா அழுவானுங்க, பாத்துக்குங்க. நாஞ் சொல்லிட்டேன். இனி நீங்க சொல்லுங்க, கேக்கறேன்."

சொல்லிவிட்டு நின்றாள். உண்மையாகவே கேட்டுக்கொண்டு நின்றாள். கூரை ஓலையில் காற்று அசைவது கேட்டது. எனக்கு எத்தனையோ ஜெபங்கள் மனப்பாடம். ஒன்றிலும் நான் இப்படிக் காத்து நின்றதில்லை. தம்பி இறந்த பிறகு அம்மா அவனைப் பற்றிப் பேசி அன்றுதான் கேட்டேன்.

கம்புத்தூசி ஒட்டிய அதே கைகளில் போதகர் அப்பத்தை வைத்தார்.

"பக்கத்து ஊர்க் கோவில்ல ஆம்பளைங்களே ஜெபத்துக்கு வாயத் தொறக்க மாட்டாங்க கண்ணு" என்றார் உபதேசியார், திரும்பும் வழியில்.

மறுநாள் விடிந்ததும் ஒரு காலிக் கலயத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த ஊருக்கு நடந்தேன்.