நான் திருத்திய ஒரே கட்டம்

அவளைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். எண்பதுகளின் கடைசியில், சங்கரன்கோவிலில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் நாங்கள் இரண்டு பேரும் தற்காலிக வேலையில் இருந்தோம். புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. எங்களில் ஒருத்திக்குத்தான் அதில் நிரந்தர வேலை என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போய் வந்து ஆறு மாதம் டேட்டாபேஸ் படித்தவள். அவள் பதினைந்தே நாளில் ஸ்ப்ரெட்ஷீட் கற்றுக்கொண்டு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

இலவச முகாமுக்கு வந்தவர்களின் பட்டியலை எதில் போடுவது என்று டாக்டர் கேட்டார்.

"டேட்டாபேஸ்தான் சார். ஆளுக்கு ஒரு சீட்டு மாதிரி. பேர் எங்க போனாலும் கண்ணாடி பவரும் கூடவே போகும்," என்றேன்.

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். கோடு போட்ட ரிஜிஸ்டர் மாதிரி பேர், ஊர், பவர்.

"அட, எல்லாம் ஒரே பார்வையில தெரியுதே! இதுலயே போடும்மா," என்று டாக்டர் சிரித்தார். என்னைப் பார்த்து ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. 

கண்ணாடிகளை ஊர்வாரியாகக் கொடுக்க வேண்டியிருந்தது. அவள் பேரையும் ஊரையும் வரிசை மாற்றி அடுக்கினாள். பவர் கட்டங்களைச் சேர்க்க மறந்துவிட்டாள். அவை பழைய வரிசையிலேயே நின்றுவிட்டன. கண்ணாடிக் கடைக்கு அனுப்பும் பிரிண்ட் என் கைக்கு வந்தபோது பார்த்தேன், முகாமில் கண் காட்டியிருந்த எங்கள் அம்மா பேருக்கு நேரே வேறு யாருடைய பவரோ இருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. மாட்டிக்கிட்டியாட்டி, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அம்மாவின் பவரை மட்டும் முகாம் சீட்டைப் பார்த்துப் பேனாவால் திருத்திப் பிரிண்டைக் கடைக்கு அனுப்பினேன். மற்றவர்கள் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துக் கத்துவார்கள், அன்றைக்கே அவளுக்குக் கல்தா என்று காத்திருந்தேன்.

கண்ணாடி கொடுத்த அன்று ஒருத்தர்கூடக் கத்தவில்லை. பனவடலிசத்திரத்துப் பெரியவர் ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சமதரையில் வாய்க்காலைத் தாண்டுகிறவர் மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்தார்.

"தெரியுதா அண்ணாச்சி?" என்றேன். தெரியவில்லை என்று சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது.

"லேசா கிறுகிறுங்குது. டாக்டரய்யா குடுத்தது தப்பா இருக்குமா? போடப் போடப் பழகிரும்," என்று கும்பிட்டார். ராயகிரிக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள்.

கடைசியில் அம்மா வந்தாள். கண்ணாடியைப் போட்டு, சுவரில் தொங்கிய காலண்டரில் நாள் நட்சத்திரம் வரை படித்தாள்.

"ஐயா, பளிச்சுன்னு தெரியுது! இதை எழுதின பிள்ளை யாரு?"

டாக்டர் அவளைக் காட்டினார். அம்மா அவள் கன்னத்தை வழித்து தன் நெற்றியில் விரலை நெரித்துத் திருஷ்டி கழித்தாள். "நீ நல்லா இருப்ப மக்கா."

"அப்ப வேலை இந்தப் பிள்ளைக்குத்தான்," என்று டாக்டர் என் பக்கம் திரும்பினார். "உங்கம்மாவே சொல்லுதாங்க பாத்தியா? யாருக்காவது கண்ணாடியில குறை உண்டா?"

சொல்லியிருக்கலாம். சொன்னால், உனக்கு எப்பத் தெரியும் என்று கேட்பார். அம்மாவின் கட்டத்தில் இருந்தது என் கையெழுத்து. வாசலில் அந்தப் பெரியவர் படி எங்கே இருக்கிறது என்று காலால் துழாவிக்கொண்டிருந்தார்.

"இல்ல சார்," என்றேன்.